சோர்க்கி 4: பிரிந்து நிற்கும் பிம்பத்தை வீட்டிலேயே சேர்ப்பது

ரெண்டு ஜன்னல் வழியே வரும் பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்று கைக்கு வந்ததும் பலரும் முதலில் வ்யூஃபைண்டரில் கண்ணை வைக்கிறார்கள். தூரத்தில் எதையாவது பார்க்கிறார்கள். நடுத்திட்டில் பிம்பம் ரெண்டாகத் தெரிந்தால் உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறார்கள். நன்றாக இருக்கும் பாதிக் கேமராக்கள் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

லென்ஸின் முடிவிலி (மிகத் தொலைவில் இருக்கும் பொருள் கூர்மையாக விழும் நிலை) சரியாக இருக்கிறதா என்று ஃபிலிம் இருக்கும் தளத்தில் பார்த்து உறுதி செய்யாமல் ரேஞ்ச்ஃபைண்டர் திருகைத் தொடக் கூடாது. ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஃபிலிமில் என்ன விழுகிறது என்று தெரியாது. லென்ஸின் பின்பக்க வளையம் எவ்வளவு முன்னே, பின்னே போகிறது என்பதை மட்டும் உள்ளே நெம்புகோல் போன்ற ஒரு கை தொட்டு உணர்கிறது. அந்தக் கை அசைய, மேலே இருக்கும் கண்ணாடித் துண்டு திரும்புகிறது. லென்ஸ் தவறான இடத்தில் நின்றால், அந்தத் தவறுக்கு ஏற்றபடி ரேஞ்ச்ஃபைண்டரையும் அழகாகப் பொருத்திவிடலாம். கண்ணுக்குப் பிம்பம் ஒன்றாகத் தெரியும், படம் மட்டும் மங்கலாக விழும்.

சோர்க்கி 4-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம், வெளியிலிருந்தே முழுவதும் சரிசெய்யக்கூடிய கேமரா அது. மேல்மூடியைக் கழற்றவே வேண்டாம். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் 1956 முதல் 1973 வரை செய்யப்பட்டது. 39 மி.மீ. மரை லென்ஸ், துணித் திரை ஷட்டர். பெரும்பாலும் யூப்பிட்டர்-8 (50 மி.மீ., எஃப்/2) அல்லது இண்டஸ்டார்-50 (எஃப்/3.5) லென்ஸோடு கிடைக்கும். இன்னொரு சோவியத் கேமராவான ஃபெட் 2 வைத்திருப்பவர்களுக்கும் இதே அடிப்படைதான், திருகுகள் இருக்கும் இடம் மட்டும் கொஞ்சம் மாறும்.

எதைத் தொடுவதற்கு முன்னும் ஒரு விதி. ஃபிலிம் குமிழைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகக் குமிழைத் தூக்கித் திருப்ப வேண்டும். ஏற்றாமல் திருப்பினால், அதுவும் மெதுவான வேகங்கள் பக்கம் திருப்பினால், உள்ளே பல்லும் ஊசியும் மோதிக்கொள்ளும். வாங்கும்போது கடைக்காரரே தெரியாமல் திருப்பிக் காட்டுவார், அவர் கையிலிருந்து வாங்கி நீங்கள் ஏற்றுங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 1 மி.மீ. முதல் 2.5 மி.மீ. வரை தட்டை முனை ஸ்க்ரூடிரைவர்கள், 10 மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கி), வளையாத நுனி உள்ள ட்வீசர், 0.01 மி.மீ. காட்டும் டிஜிட்டல் காலிப்பர். கோயில் நகைக்குப் பேர்போன நாகர்கோவில் வடசேரி பக்கத்தில் ஆசாரிமார் கருவி வாங்கும் கடைகளில் லூப்பும் ட்வீசரும் நல்ல தரத்தில் கிடைக்கும். செல்போன் ரிப்பேர் செட்டில் வரும் முனைகள் மெல்லிசாகக் கூம்பி இருக்கும், அவை திருகின் காடியை உரித்துவிடும். முனையை எண்ணெய்க் கல்லில் தேய்த்து, காடியின் அகலத்துக்கும் ஆழத்துக்கும் அச்சாக உட்காரும்படி செய்துகொள்ளுங்கள். இதற்கு அரை மணி நேரம் போனால் போகட்டும்.

அடுத்து, ஃபிலிமின் இடத்தில் வைத்து லென்ஸ் விழுத்தும் பிம்பத்தைப் பார்க்கத் தேய்த்த கண்ணாடி. இந்த வேலையின் உயிரே அதுதான். போட்டோ ஃபிரேம் போடும் கடையில் 2 மி.மீ. கண்ணாடியில் 34 மி.மீ.க்கு 50 மி.மீ. துண்டு ஒன்று வெட்டி வாங்குங்கள். 34 என்பதில் கவனம் வேண்டும். கேமராவின் பின்பக்கத்தைக் கழற்றினால் படச் சட்டத்துக்கு மேலும் கீழும் இரண்டு ஜோடித் தண்டவாளங்கள் தெரியும். வெளி ஜோடியில் அழுத்தத் தகடு உட்காரும், உள் ஜோடியில்தான் ஃபிலிம் ஓடும். 35-க்கு மேல் அகலமான கண்ணாடி வெளித் தண்டவாளத்தில் ஏறி நின்றுவிடும், அளவெல்லாம் பொய்யாகிவிடும். மைக்ரோஸ்கோப் ஸ்லைடும் சரிவராது. அதன் அகலம் 25 மி.மீ., சட்டத்தின் உயரம் 24 மி.மீ., பிடிப்புக்கு இடமே இருக்காது.

ஒர்க்‌ஷாப்பில் வால்வு தேய்க்கப் பயன்படுத்தும் பேஸ்ட்டில் நைசானதை ஒரு மிளகு அளவு எடுத்து, பெரிய கண்ணாடி ஒன்றின் மேல் வைத்து, சொட்டுத் தண்ணீர் விட்டு, துண்டை வட்டமாகத் தேய்த்தால் பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் பால்போல் வெளுக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுக்கும் திட்டு எங்காவது இருந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். ஓரங்களை உப்புக் காகிதத்தில் மழுக்கி, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள்.

தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி உள் தண்டவாளத்தில் வைத்து, இரு முனைகளிலும் டேப் ஒட்டுங்கள். ஷட்டரை ஏற்றி, வேகத்தை பி-யில் வைத்து, பூட்டு உள்ள கேபிள் ரிலீஸால் திறந்தே நிறுத்துங்கள். கேபிள் இல்லாவிட்டால் பக்கத்தில் ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் போதும். லென்ஸை எஃப்/2-இல் முழுக்கத் திறந்து, கேமராவை முக்காலியில் போட்டு, தலைமேல் கறுப்புத் துணி போர்த்தி, லூப்பால் கண்ணாடியைப் பாருங்கள்.

எதைப் பார்ப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸில் 20 மீட்டர் தூரப் பொருளுக்கும் முடிவிலிக்கும் லென்ஸ் நகரும் வித்தியாசம் 0.125 மி.மீ. எஃப்/2-இல் ஃபிலிம் தளம் பொறுத்துக்கொள்ளும் பிழையோ இரு பக்கமும் 0.06 மி.மீ. மட்டும். எதிர்வீட்டு ஜன்னலை முடிவிலி என்று எடுத்துக்கொண்டால், தாங்கக்கூடிய பிழையைப் போல இரண்டு மடங்கு தவறோடு தொடங்குகிறீர்கள். 500 மீட்டர் தள்ளிய பொருளுக்கு அந்த வித்தியாசம் 0.005 மி.மீ., கவலையே இல்லை. ஆக, அரைக் கிலோமீட்டருக்குக் குறையாமல், முடிந்தால் ஒரு கிலோமீட்டர்.

இந்த விஷயத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டம் கொடுத்து வைத்தது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளை நிறம், வானப் பின்னணி, நேர்க்கோட்டு ஓரம், ரேஞ்ச்ஃபைண்டருக்கு இதைவிட நல்ல இலக்கு கிடையாது. சுற்றும் இறக்கையைப் பார்க்காதீர்கள், கோபுரத்தின் ஓரத்தைப் பாருங்கள். குமரிக் கரையிலிருந்து பாறையில் நிற்கும் வள்ளுவர் சிலை தூரத்துக்குப் பரவாயில்லை. ஆனால் அதன் ஓரங்கள் வளைவும் மடிப்புமாக இருப்பதால் ரெண்டு பிம்பம் ஒன்றாகிற நொடியைப் பிடிப்பது சிரமம். நாகர்கோவிலில் மொட்டைமாடி இருந்தால், இரவில் தூரத்து மொபைல் டவரின் சிவப்பு விளக்கு போதும். புள்ளி ரெண்டாகத் தெரிந்தால் உடனே கண்ணில் படும், மேல்-கீழ் விலகலும் சேர்ந்தே தெரியும். பகலில் செய்வதானால் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். அதற்குப் பிறகு சூட்டில் காற்று நெளியும், லூப்பில் எதுவுமே நிற்காது.

இப்போது லென்ஸ் வளையத்தை முடிவிலித் தடை வரை திருப்புங்கள். கோபுர ஓரம் கத்திபோல் தெரிந்தால் லென்ஸும் உடலும் சரி, நேரே ரேஞ்ச்ஃபைண்டருக்குப் போகலாம். தெரியாவிட்டால் இரண்டில் ஒன்று. வளையம் 15 மீட்டரில் நிற்கும்போது தூரக் கோபுரம் கூர்மையாகி, முடிவிலிக்குப் போனால் மங்குகிறது என்றால் லென்ஸ் ஃபிலிமுக்கு அதிகமாக ஒட்டி நிற்கிறது. முன்பு யாரோ பிரித்தபோது ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு குறைகிறது? 50-இன் வர்க்கம் 2500, அதை 15,000 மி.மீ.யால் வகுத்தால் 0.17 மி.மீ. தடை வரை திருப்பியும் தூரப் பொருள் கூர்மைக்கு வராமலே நின்றால், லென்ஸ் தள்ளி நிற்கிறது. மரையின் அடியில் அழுக்கோ கூடுதல் ஷிம்மோ இருக்கும்.

பிழை லென்ஸிலா உடலிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொரு 39 மி.மீ. மரை லென்ஸ் இருந்தால் மாட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் காலிப்பரின் ஆழக் கம்பியால் உடலை அளந்து பாருங்கள்: லென்ஸ் உட்காரும் வளையத்தின் முகத்திலிருந்து தேய்த்த கண்ணாடியின் முகம் வரை 28.8 மி.மீ. இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி குறைந்தால் வளையத்தின் அடி ஷிம் இல்லை. ஒரு மூலை மட்டும் மாறினால் வளையத் திருகுகள் சமமாக இறுகவில்லை, அல்லது கேமரா எங்கோ விழுந்திருக்கிறது. உடல் சரியென்றால் லென்ஸுக்கு வாருங்கள். யூப்பிட்டர்-8-இல் கண்ணாடிகள் இருக்கும் உருளை, ஃபோகஸ் உறையிலிருந்து முழுசாகத் திருகிக் கழன்று வரும், இரண்டுக்கும் நடுவில் ஷிம் வளையம் உட்காரும். குறைகிற தடிமனுக்கு ஏ4 காகிதத்தை வெட்டி வைக்கிறார்கள். ஒரு தாள் 0.1 மி.மீ. வரும், அளவு சரிதான், ஆனால் நம் ஊர் ஈரத்தில் காகிதம் ஊறி உப்பும். குளிர்பான அலுமினிய டின்னின் சுவர் ஏறத்தாழ அதே தடிமன்தான். அதை வெட்டி, ஓரத்துப் பிசிறை எடுத்து வையுங்கள். ஒரு லென்ஸின் உருளையை இன்னொன்றின் உறையில் போடாதீர்கள். அவை தொழிற்சாலையில் ஜோடியாகப் பொருத்தப்பட்டவை.

இனி ரேஞ்ச்ஃபைண்டர். முதலில் ரீவைண்ட் குமிழின் அடியில் இருக்கும் டையாப்டர் நெம்பை நகர்த்தி, வ்யூஃபைண்டர் உங்கள் கண்ணுக்குத் தெளிவாகும்படி வையுங்கள். இது சரியில்லாமல் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு முடிவு வரும்.

மேல்-கீழ் விலகலை முதலில் எடுங்கள். முன்பக்கம் சின்ன வட்ட ஜன்னலைச் சுற்றியுள்ள வளையத்தை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றினால், உள்ளே ஆப்பு வடிவக் கண்ணாடி தன் சட்டத்தோடு இருக்கும். அதைத் திருப்பினால் பிம்பம் மேலும் கீழும் நகரும். ஆப்பு சுழலும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் நகர்த்தும், அதனால்தான் இதை முதலில் செய்கிறோம். வளையம் வர மறுத்தால் பிளையரை எடுக்காதீர்கள், ஜன்னலின் விளிம்பு நசுங்கிவிடும். பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி, கட்டைவிரலால் அழுத்தித் திருப்பினால் அநேகமாக வந்துவிடும்.

அடுத்து பக்கவாட்டு விலகல். இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே முன்முகத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அது வெறும் மூடி. அதைக் கழற்றினால் உள்ளே சரிசெய்யும் திருகு தெரியும். லென்ஸை முடிவிலித் தடையில் வைத்துவிட்டு, கோபுர ஓரம் ஒன்றாகும்வரை மிகச் சிறிதாகத் திருப்புங்கள். கடிகார முள்ளில் ஐந்து நிமிட அசைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திசையில் திருப்பினால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் மறுமுறை குழம்பாது.

பெரும்பாலோர் இங்கேயே மூடிவிடுகிறார்கள். முடிவிலியில் சரியாக இருக்கும் கேமரா ஒரு மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் தவறலாம். முகம் எடுக்கும்போது கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக வருவது இதனால்தான். லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். மேலே ஒரு கை, அதன் நுனியில் சரிவான ஒரு துண்டு, அதைப் பிடிக்கும் சிறு திருகு. ஜெர்மன் லைக்கா கேமராவில் இந்த இடத்தில் உருளை இருக்கும், சோவியத் கேமராக்களில் சாய்வு வெட்டு உள்ள இந்தத் துண்டுதான். திருகைச் சற்றே தளர்த்தி இதைச் சுழற்றினால், லென்ஸ் வெளியே வரவரக் கை எவ்வளவு அசைய வேண்டும் என்ற விகிதம் மாறும்.

ஃபிலிம் தளத்திலிருந்து சரியாக ஒரு மீட்டர் அளந்து, நிமிர்ந்த கோடு ஒன்றை வையுங்கள். லென்ஸின் முகத்திலிருந்து அளந்தால் தவறு. தேய்த்த கண்ணாடியில் அந்தக் கோட்டைக் கூர்மையாக்குங்கள். லென்ஸ் வளையத்தைத் தொடாமல் ரேஞ்ச்ஃபைண்டரைப் பாருங்கள். விலகல் இருந்தால் லென்ஸைக் கழற்றி, நுனித் துண்டை ஒரு முடி அளவு திருப்பி, மறுபடி மாட்டிப் பாருங்கள். ஒரு மீட்டர் சரியானதும் முடிவிலி நகர்ந்திருக்கும். முன்திருகால் அதைச் சரிசெய்தால் ஒரு மீட்டர் கொஞ்சம் நகரும். அதிலும் இதிலுமாக மூன்று நான்கு தடவை போனால் இரண்டும் ஒன்றாக நிற்கும். இங்கே பொறுமை இழப்பவர்கள் நுனித் துண்டைப் பெரிதாகத் திருப்பிவிடுகிறார்கள், பிறகு தொடக்கப் புள்ளியே தொலைந்துபோகும். தொடுவதற்கு முன் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

நடுத்திட்டு மங்கலாக இருந்தால் வேறு பிரச்சினை. ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடியின் பூச்சு மிக மெல்லியது. பட்ஸில் ஆல்கஹால் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால், அழுக்கோடு பூச்சும் சேர்ந்து போகும். ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள், வெளி ஜன்னல்களைத் துடையுங்கள், அத்தோடு நிறுத்துங்கள். அப்படியும் தெரியாவிட்டால் பெரிய வ்யூஃபைண்டர் ஜன்னலின் வெளிப்புறம் நடுவில் கறுப்பு டேப்பில் ஒரு சிறு துண்டை ஒட்டுங்கள். பின்னணி இருட்டாகி இரண்டாவது பிம்பம் எழுந்து தெரியும்.

லென்ஸ் வளையம் இறுகிக் கிடந்தால் பழைய கிரீஸ் கெட்டியாகிவிட்டது. நம் ஊரில் எது இறுகினாலும் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் இருக்கிறது. இங்கே வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், மற்ற நேரம் தூசியைப் பிடித்துப் பசையாகும், வழிந்து கண்ணாடிக்கும் துளைத் தகடுகளுக்கும் போகும். டப்பா ஸ்பிரேக்களுக்கும் இதே பதில்தான். முறையான வழி, மரையைப் பிரித்து, லைட்டர் ஃப்ளூயிடில் பிரஷ்ஷால் கழுவி, லென்ஸ் மரைக்கென்றே உள்ள ஹெலிகாய்டு கிரீஸைப் பல்குத்தி நுனியால் மெல்லிசாகப் பூசுவது. அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிரிக்கும்போது மெதுவாகத் திருகி, மரை கழன்று விழும் அதே நொடியில் நிறுத்தி, இரு பாகத்திலும் நேர்க்கோடு கீறிக்கொள்ளுங்கள். அந்த மரைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கங்கள் உண்டு. தவறான தொடக்கத்தில் ஏற்றினாலும் சுகமாக ஏறும், முடிவிலி மட்டும் எங்கோ போய் நிற்கும்.

திருப்பும்போது நறநறவென்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டோடு கார்னெட்டும் கலந்திருக்கிறது. உப்புக் காகிதம் செய்யப் பயன்படும் கனிமம் அது, லென்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. முட்டத்திலோ குளச்சலிலோ கடற்கரைக்குப் போய்வந்த கேமராவின் லென்ஸை முதலில் ஊதாமல் துணியால் துடைத்தால் நிரந்தரக் கோடுதான்.

பூஞ்சையும் நம் ஊருக்கே உரிய தலைவலி. ஆனி, ஆடிச் சாரலும் வரும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் வரும். இலைநரம்பு போலப் படர்ந்திருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை லென்ஸ் டிஷ்யூவில் தொட்டு, ஐந்து நிமிடம் படியவிட்டு, நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். யூப்பிட்டர்-8-இல் ஆறு கண்ணாடிகள் மூன்று குழுவாக ஒட்டியிருக்கின்றன. திரவத்தில் ஊறப்போட்டால் ஒட்டுப் பசை பிரியும். துடைத்த பிறகும் தடம் தெரிந்தால், பூஞ்சையின் அமிலம் பூச்சை அரித்துவிட்டது, அதோடு போராட வேண்டாம். தோல் உறையில் வைத்து மூடுவதுதான் பூஞ்சைக்குப் பெரிய விருந்து. ரப்பர் வளையம் உள்ள சாப்பாட்டு டப்பாவில் 200 கிராம் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு, 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள்.

ஷட்டர் பற்றிச் சுருக்கமாக. லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் உள்ளே டார்ச் அடித்துப் பின்னாலிருந்து திரையைப் பாருங்கள். ஏற்றிய நிலையில் ஒரு தடவை, ஏற்றாத நிலையில் ஒரு தடவை. நட்சத்திரம்போல் ஒளி தெரிந்தால் துளை. இந்தக் கேமராக்களில் லென்ஸுக்கும் துணித் திரைக்கும் நடுவே ஒளியைத் திருப்பும் கண்ணாடி கிடையாது. திறந்த லென்ஸ் முடிவிலியில் நின்று சூரியனைப் பார்த்தால் திரை கருகி ஓட்டை விழும். குமரியில் படகில் போகும்போது கழுத்தில் தொங்கும் கேமராவுக்கு மூடி போட மறக்காதீர்கள். ஒன்றிரண்டு துளைகளுக்குத் துணிக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்டைப் பல்குத்தி நுனியால் மெல்லிசாக வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். தடித்துப் பூசினால் உருளையில் சுற்றும்போது மாட்டும். வேகத்தை செல்போனின் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் பாருங்கள்: சட்டத்தின் நடுப்புள்ளி 1/30-இல் எட்டு ஃபிரேம், 1/60-இல் நான்கு ஃபிரேம் ஒளிர வேண்டும். அதற்கு மேல் இந்த முறை நம்பத்தக்கதல்ல. அதிவேகத்தில் படத்தின் ஒரு ஓரம் இருண்டால், இரண்டாம் திரை முதல் திரையை எட்டிப் பிடிக்கிறது. எடுத்த எடுப்பில் அடித்தகட்டைக் கழற்றி ஸ்ப்ரிங்கை முறுக்காதீர்கள், அநேகமாகப் பழைய எண்ணெய்தான் காரணம். சுத்தம் செய்த பிறகும் இருந்தால் மட்டும், கால் சுற்றுக்கு மிகாமல், எண்ணிக் குறித்துக்கொண்டு.

வளைகுடாவிலிருந்து வந்து வீடுகளில் கிடக்கும் யாஷிகா எலக்ட்ரோ 35-க்கு இந்த வழி பொருந்தாது. அதில் லென்ஸ் கழலாது, திருகுகள் ஜப்பானியக் குறுக்கு வெட்டு, சாதாரண ஸ்டார் முனை நழுவும். அதன் 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44-ஐ ஒரு ஸ்ப்ரிங் வைத்து நீளம் சேர்த்துப் போடலாம். ஃபிலிம் நகர்த்தும் நெம்பை ஏற்றும்போது உள்ளே ‘டொக்’ என்ற சத்தம் கேட்காவிட்டால் ரப்பர் திண்டு ஒன்று கரைந்துவிட்டது. அதை மாற்றும்வரை எக்ஸ்போஷர் நம்பும்படி வராது.

சோர்க்கிக்குத் திரும்பினால், கடைசிச் சோதனை ஃபிலிமில்தான். ஐந்து தீப்பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக, மூன்று மூன்று சென்டிமீட்டர் தள்ளி, படிக்கட்டுப்போல் சாய்வாக வரிசையில் நிறுத்துங்கள். நடுப்பெட்டி ஃபிலிம் தளத்திலிருந்து ஒரு மீட்டர். எஃப்/2-இல் நடுப்பெட்டியின் ஓரத்தில் பிம்பத்தைச் சேர்த்து மூன்று படம் எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் வளையத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாகச் சேர்த்து. இந்தத் தூரத்தில் கூர்மை முன்னும் பின்னும் இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். அதனால் எந்தப் பெட்டியின் எழுத்து வாசிக்க வருகிறதோ அங்கேதான் உங்கள் கேமரா உண்மையில் பார்க்கிறது. மூன்று படத்திலும் நான்காவது பெட்டி வந்தால் நுனித் துண்டுக்குத் திரும்புங்கள். படத்துக்குப் படம் பெட்டி மாறினால் திருகைத் தொடாதீர்கள். மரையில் ஆட்டம் இருக்கிறது, அல்லது டையாப்டர் நெம்பு நகர்ந்துவிட்டது. எல்லாம் சரியென்றான பிறகு சரிசெய்யும் திருகின் ஓரத்தில் ஊசிமுனை அளவு நகப்பூச்சு வைத்து, ஒரு இரவு காயவிட்டு, காலையில் கோபுரத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு மூடித் திருகைப் போடுங்கள்.